லாசரஸின் ஒரே தீர்ப்பு

லாசரஸுக்கு நாய் என்றால் உயிர். அப்படிப்பட்டவர் இருபத்தெட்டு வருடமாக, இருநூறு கண்காட்சிகளுக்குக் குறையாமல், ஆயிரக்கணக்கான நாய்களுக்கு இரண்டடி தள்ளி ஸ்டூவர்டாக நின்றிருக்கிறார். ஒன்றின் தலையைக்கூடத் தடவியதில்லை. நாய்களை நிறுத்தித் தரம்பார்க்கும் ரிங்குக்குள் ஸ்டூவர்ட் நாயைத் தொடக் கூடாது என்பது கென்னல் கிளப்பின் சட்டம். தொட்டால், நடுவருக்கு ஏதோ ஜாடை காட்டுகிறார் என்று யாராவது மனு எழுதிவிடுவார்கள். மனு எழுதுவதில் நாய்க்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

ஸ்டூவர்ட் என்றால் ரிங்கில் நடுவருக்குத் துணையாக நிற்பவர். எண்ணைக் கூப்பிட வேண்டும், நாய்களை வரிசையில் நிறுத்த வேண்டும், கேட்கும்போது ரிப்பனை எடுத்துக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் யாருக்கும் வரும். கஷ்டமான வேலை ஒன்று உண்டு. கேட்டலாக்கை மூடியே வைத்திருப்பது. எந்த எண் எந்த நாய், அதன் அப்பன் யார், உரிமையாளர் யார் என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். தீர்ப்பு முடியும்வரை நடுவர் கண்ணில் அது படவே கூடாது. அவர் நாயைப் பார்க்க வேண்டும், நாய்க்காரரைப் பார்க்கக் கூடாது. லாசரஸ் அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிவந்த ஞானத்தகப்பன் மாதிரி இருக்கிறார் என்று அவர் மனைவி பிலோமினம்மாள் கிண்டல் செய்வார்.

ரிங் தொடங்கும் முன் லாசரஸ் ஒரு விதியை உரக்கப் படிப்பார். கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் நடுவர் வளர்த்த, பழக்கிய, அல்லது தம் வீட்டில் தங்கவைத்த நாய் எதுவும் இந்த ரிங்குக்குள் வரக் கூடாது. மைக் தேவைப்படாத குரல். ஜாலான் புசாரில் ஹார்டுவேர் கடையில், லாரிச் சத்தத்தைத் தாண்டிக் கத்திக் கத்தி வளர்ந்த குரல் அது.

கிளப்புக்குள் அவரைக் கொண்டுவந்ததே அந்தக் கடைதான். முப்பத்தாறு வயதில், ரிங் கட்டுவதற்கான கம்பங்களையும் பிளாஸ்டிக் சங்கிலியையும் கண்காட்சி மண்டபத்தில் இறக்கிவிட்டுக் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். அன்றைக்கு ஸ்டூவர்ட் வரவில்லை. கிளப்பின் செயலாளர் அங்குமிங்கும் ஓடிவிட்டு இவரைப் பார்த்து, "ஹலோ, சங்கிலி! உங்களுக்கு நம்பர் கூப்பிடத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றார் லாசரஸ். கடையில் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றுகூடத் தோன்றவில்லை. மறுநாள் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து சனிக்கிழமை மாலையே லூர்து மாதா கோவிலில் பூசை பார்த்துவிடுவது வழக்கமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நாய்களுக்கு.

'தீவு கென்னல் கிளப்' என்பது கேட்கத்தான் பெரிய பெயர். போருக்கு முன்னால் வெள்ளைக்கார அதிகாரிகளும் ரப்பர் தோட்டத் துரைகளும் ஆரம்பித்தது. இங்கே பிறந்த குட்டிகளைப் பதிந்துவைக்க ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தார்கள். ஜப்பான்காரன் வந்தபோது துரைகள் சிறைக்குப் போனார்கள். புத்தகம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. போர் முடிந்ததும், மிஞ்சியிருந்த ஆறு பேர் உட்கார்ந்து, நாய்களின் அப்பன் பாட்டன் பெயரையெல்லாம் நினைவிலிருந்து சொல்லிச் சொல்லி மறுபடி எழுதினார்களாம். மனிதர்கள் ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு அல்லாடிய காலத்தில் நாய்களுக்கு மூன்று தலைமுறை வரலாறு! இதைச் சொல்லி லாசரஸ் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஆனால் அந்தப் புத்தகத்தைத் தொடும் முன் கையைத் துடைத்துக்கொள்வார்.

இப்போது எல்லாம் கணினிக்குள் போய்விட்டது. குட்டி பிறந்தால் மைக்ரோசிப் எண், தாய் தகப்பன் எண், அப்புறம் சான்றிதழ். இந்த இனத்தை வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்டு நாளுக்குப் பத்து போன். கிளப்புக்கு மாடியில் இரண்டு அறை, சம்பளம் வாங்கும் ஊழியர் மூன்று பேர். மற்றதெல்லாம் லாசரஸ் மாதிரி ஆட்களின் தலையில்.

இருபது வருடம் அடுத்தவர் தீர்ப்பைப் பார்த்துக்கொண்டே நின்றால் யாருக்கும் ஓர் ஆசை வரத்தான் செய்யும். லாசரஸும் மனதுக்குள் வரிசை போட்டுப் பார்ப்பார். முதல், இரண்டு, மூன்று. பிறகு நடுவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பார். பெரும்பாலும் தானே சரி என்பது அவர் கட்சி. ஒரு நாள், ஐம்பத்தேழு வயதில், நடுவர் பயிற்சிக்கு மனுப் போட்டார்.

எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில். இவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். நாயின் எலும்புகளுக்கு ஆங்கிலத்தில் இருக்கிற பெயர்கள் நாய்க்கே தெரியாது. இரண்டு முறை கோட்டை விட்டார். மூன்றாவது முறை பிலோமினம்மாளே களத்தில் இறங்கினார். தினமும் சாப்பாட்டு மேசையில் படத்தைப் பிரித்துவைத்துக் கேள்வி கேட்பார். பதில் தப்பானால் குழம்பில் மீன் கிடையாது. ஒருமுறை கோழிச்சோற்றுக் கடையில் லாசரஸ் கோழித்தொடையைத் தூக்கிப் பிடித்து மூட்டின் கோணம் பற்றி விளக்க ஆரம்பித்ததும், பக்கத்து மேசைக்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்கள்.

தேர்வில் தேறினார். அந்த நேரம் பார்த்து கோவிட் வந்தது. இரண்டு வருடம் கண்காட்சியே இல்லை. நேர்முகத் தேர்வு தள்ளித் தள்ளிப் போய் ஒருவழியாக முடிந்தபோது அவருக்கு அறுபத்து நான்கு. கடைசிப் படி மட்டும் பாக்கி. கிளப்பின் கண்காட்சியில், மூத்த நடுவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஏதாவது ஓர் இனத்துக்கு லாசரஸ் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த இனத்தில் குறைந்தது நான்கு நாய்கள் இருக்க வேண்டும். அறுபத்தைந்து வயது நிறைவதற்குள் இது முடிய வேண்டும். அவர் பிறந்தநாள் மே பன்னிரண்டு. அதற்கு முன் இருந்தது ஏப்ரலில் ஒரே ஒரு கண்காட்சி.

லாசரஸ் தேர்ந்தெடுத்த இனம் மினியேச்சர் ஷ்னாவ்சர். தாடியும் அடர்ந்த புருவமுமாக, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முகத்தோடு இருக்கும் குட்டை நாய். வீவக வீட்டுக்குள் அடங்கும். ஆனால் கண்காட்சிக்குக் கொண்டுவருகிற அளவுக்குத் தேறியவை தீவு முழுக்க மூன்றுதான் இருந்தன.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் புக்கிட் மேரா புளோக்கின் ஒன்பதாவது மாடி நடைபாதையில் நின்று இதைச் சொல்லிப் புலம்பினார். கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டு ரத்தினம்மா. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், தனியாள்.

"நாலு வேணும்க்கா, மூணுதான் இருக்கு. நாலாவதுக்கு நான் எங்க போவேன்? கடைல ஆர்டர் பண்ணவா முடியும்?"

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? உங்க மாதா பாத்துப்பாங்க லா," என்றார் ரத்தினம்மா, தீவு வழக்கப்படி ஒரு 'லா' போட்டு.

வெள்ளிக்கிழமை தவறாமல் வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் போகிறவர் திடீரென்று மாதாவை இழுத்தது லாசரஸுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை.

ரத்தினம்மாவிடமும் ஒரு ஷ்னாவ்சர் உண்டு. பெயர் புட்டு. கிளப் சான்றிதழ் பார்த்து வாங்கிக் கொடுத்ததே லாசரஸ்தான். ஆனால் தரைதுடைக்கிற மாப்புக்குக் கால் முளைத்தது மாதிரி இருக்கும் புட்டுவைக் கண்காட்சியோடு சேர்த்து யாருமே நினைத்துப் பார்த்ததில்லை. போன ஆகஸ்டில் ரத்தினம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தபோது புட்டு பதினொரு நாள் லாசரஸ் வீட்டில் இருந்தது. நாய் முடி உதிரும், வீட்டுக்குள் கூடாது என்று முப்பது வருடமாகச் சொல்லிவந்த பிலோமினம்மாள், மூன்றாம் நாளே அதற்கு இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். அதன் இடது காதுக்குப் பின்னால் ஒரு புண் இருந்தது. காலையும் மாலையும் லாசரஸ்தான் களிம்பு தடவுவார். தடவும்போதெல்லாம் புட்டு தலையை அவர் உள்ளங்கைக்குள் அழுத்தி, ஒரு பெரிய பெருமூச்சு விடும். புண் ஆறி, பச்சைப் பயறு அளவுக்கு ஒரு முடிச்சு மட்டும் மிஞ்சியது. புட்டு திரும்பிப் போன அன்றைக்கு லாசரஸ் சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரியில் புளோக்கில் கழிவறை புதுப்பிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. காலையிலிருந்து சுவரை உடைக்கும் சத்தம். புட்டு பயப்படுகிறது என்று சொல்லி ரத்தினம்மா அதை மார்சிலிங்கில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மார்ச் கடைசியில் கிளப்பிலிருந்து போன் வந்தது. ஷ்னாவ்சர் நான்கு பதிவாகிவிட்டதாம். உங்களுக்குப் புரிந்திருக்கும். லாசரஸுக்குப் புரியவில்லை. அந்த வாரம் லூர்து மாதாவுக்கு இரண்டு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றினார்.

கண்காட்சி அன்று மண்டபம் முழுக்க முடி உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சல். லாசரஸ் புது கோட்டு போட்டிருந்தார். பிலோமினம்மாள் முதன்முறையாகக் கண்காட்சிக்கு வந்திருந்தார், கூடவே ரத்தினம்மாவும், ஒரு டப்பா நிறைய சார்டின் சாண்ட்விச்சும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். தனக்காகத்தான் இத்தனை சந்தோஷம் என்று லாசரஸுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

தேர்வு நடத்தியவர் டாக்டர் வெங்கட். கால்நடை மருத்துவர், கிளப்பின் மூத்த நடுவர், சிரிப்பதை அளந்து வைத்திருப்பவர். ஸ்டூவர்ட் வேலைக்கு டாரியஸ் என்ற புது ஆள். அவர் விதியைப் படித்தார். வளர்த்த, பழக்கிய, அல்லது தம் வீட்டில் தங்கவைத்த. தான் இருபத்தெட்டு வருடம் படித்த வாக்கியம் தன்னை நோக்கிப் படிக்கப்படுவதைக் கேட்டு லாசரஸ் தலையை ஆட்டிக்கொண்டார். கூட்டத்தின் சளசளப்பில் பின்வரிசைவரை அது போய்ச் சேரவில்லை.

லாசரஸ் நான்கு நாய்களையும் ரிங்கைச் சுற்றி ஓடவிட்டார். ஓட்டத்தைப் பார்த்தே மனதுக்குள் ஒரு வரிசை போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாக மேசைமேல் ஏற்றச் சொன்னார். பல்லைப் பார்த்தார், தோளை அளந்தார், முதுகில் கையோட்டினார். இத்தனை வருடம் தள்ளியே நின்ற கைகள் இன்றைக்கு ரிங்குக்குள் நாயைத் தொடுகின்றன. முதல் நாயின் முதுகில் கை இரண்டு தடவை ஓடியது. மூன்றாவது வந்தபோது கை பழகிவிட்டது.

நான்காவது, நாற்பத்தேழாம் எண். கூட்டிவந்தவள் சிவானி, நாய்களைக் கண்காட்சிக்குத் தயார்செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் பெண். முதுகு முடியைக் கையால் களைந்து வெல்வெட்டாக்கியிருந்தாள். தாடி வெள்ளை வெளேரென்று, புருவம் சீவி, யாரோ பங்களாவில் வளர்ந்த பிள்ளை மாதிரி நின்றது. கண்ணை நேரே வைத்து, வாலை நிமிர்த்தி, அசையவே இல்லை. லாசரஸ் பல்லைப் பார்த்தார். மண்டையோட்டின் அகலம் பார்க்க இரண்டு கைகளையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

இடது கை விரலில் ஒரு பச்சைப் பயறு தட்டுப்பட்டது.

நாய் தலையை அவர் உள்ளங்கைக்குள் அழுத்தி, ஒரு பெரிய பெருமூச்சு விட்டது.

லாசரஸின் கை அங்கேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்வையாளர் பக்கம் பார்த்தார். ரத்தினம்மா இரண்டு கைகளையும் கூப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிலோமினம்மாள் கண்களை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார், நிச்சயம் ஜெபம்தான். அப்போதுதான் அவருக்கு எல்லாமே விளங்கிற்று. மார்சிலிங், தங்கை வீடு, மாதா பார்த்துக்கொள்வாள் என்றது, காலையிலிருந்து சிரித்த சிரிப்பு. தப்பு அவர்களுடையது இல்லை. வீட்டில் அவர் நாய்க் கதை சொல்வாரே தவிர நாய்ச் சட்டம் சொன்னதே இல்லை.

ஆகஸ்டிலிருந்து ஏப்ரல். எட்டு மாதம். நான்கு மாதம் குறைகிறது. சிவானிக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு பெண்களுக்கோ அது குற்றம் என்றே தெரியாது. கையை எடுத்துவிட்டு முதுகுக்குப் போனால் போதும், ஏழு வருட ஆசை பத்து நிமிடத்தில் நிறைவேறிவிடும். கண் கலங்கி, நாயின் தாடி இரண்டாகத் தெரிந்தது.

"டாக்டர், ஒரு நிமிஷம்."

வெங்கட் எழுந்து வந்தார்.

"இந்த நாய் என் வீட்ல தங்கியிருக்கு டாக்டர். போன ஆகஸ்ட்ல, பதினொரு நாள்."

"ஷுவரா சொல்றீங்களா?"

"காதுக்குப் பின்னால நான்தான் மருந்து போட்டேன்."

டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், அப்புறம் லாசரஸைப் பார்த்தார். "இத எடுத்துட்டா மூணுதான். மூணு வெச்சு நான் சைன் பண்ண முடியாது. தெரியும்ல?"

"தெரியும் டாக்டர். அந்த ரூல எரநூறு தடவ நான்தானே படிச்சேன்."

"பர்த்டே எப்போ?"

"மே பன்னெண்டு."

"அடுத்த ஷோ ஆகஸ்ட்ல," என்றார் வெங்கட், மெதுவாக. லாசரஸின் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போய்த் தாளில் கோடு போட்டார்.

விஷயம் தெரிந்ததும் ரத்தினம்மா கம்பத்தருகே வந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஐயோ, நல்லது செய்யறேன்னு நானே கெடுத்துட்டேனே! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"ஐடியா என்னோடது லா," என்றார் பிலோமினம்மாள். முகம் வெளுத்திருந்தது. "சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

லாசரஸ் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவர்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மண்டபத்தின் பின்புறம், முப்பத்தாறு வயதில் சங்கிலி இறக்கிய அதே இடத்துக்குப் போய், ஒரு மரப்பலகைமேல் உட்கார்ந்து அழுதார். கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நன்றாகவே அழுதார். கால் மணி நேரம் கழித்து டாரியஸ் வந்தார். தொண்டை கட்டிவிட்டதாம், எண்ணைக் கூப்பிட்டால் ரிங்கின் அந்தப் பக்கம் கேட்கவில்லையாம். லாசரஸ் முகத்தைக் கழுவிக்கொண்டு போனார். சாயங்காலம்வரை கேட்டலாக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எண்களைக் கூப்பிட்டார். குரல் ஒரு முறைகூடக் கம்மவில்லை.

சிவானியின் வேனில் எல்லாரும் புக்கிட் மேராவுக்கு வந்து சேர்ந்தார்கள். மேலே போக யாருக்கும் மனம் வரவில்லை. புளோக்கின் கீழே கல்மேசையில் உட்கார்ந்து, மிஞ்சியிருந்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டார்கள். புட்டு லாசரஸின் ஷூமேல் உட்கார்ந்துகொண்டது. இப்போது தடவலாம், ரிங் இல்லை. லாசரஸ் தடவிக்கொண்டே இருந்தார்.

டப்பாவில் கடைசியாக இருந்த சாண்ட்விச்சை ரத்தினம்மா லாசரஸ் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணு கேக்கறேன், நியாயமா சொல்லணும். என் பிள்ளைக்கு எந்த இடம் கொடுத்திருப்பீங்க?"

"வேணாம்க்கா."

"சொல்லுங்க லா. என் மனசு கேக்க மாட்டேங்குது."

லாசரஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழற்றி வைத்திருந்த கோட்டைப் போட்டு, பொத்தானையும் போட்டுக்கொண்டார். "முதுகு கொஞ்சம் நீளம். ஓடும்போது பின்னங்கால் ரெண்டும் ஒட்டிப் போகுது. தோள் நேரா விழுந்திருக்கு. நாலாவது."

"நாலுல நாலாவதா!"

"நாலுல நாலாவது."

ரத்தினம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு ஏதோ உறைத்து, அப்படியே அடங்கினார். "அப்போ... பேசாம நாலாவதுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே. யாருக்கு என்ன நஷ்டம்? நீங்க ஜட்ஜ் ஆயிருப்பீங்களே."

"அத நானும் அங்க நின்னப்பவே யோசிச்சேன்க்கா." லாசரஸ் குனிந்து புட்டுவின் காதுக்குப் பின்னால் விரலை வைத்தார். "ஆனா தொட்டதும் எனக்கு அழுக வந்துடுச்சு. நாயப் பாத்து அழற ஆளு எப்படி லா தீர்ப்புச் சொல்றது?"

பிலோமினம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். ரத்தினம்மா டப்பாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"தாடியாவது நல்லா இருந்துச்சுல?"

"தாடியா?" லாசரஸ் புட்டுவின் முகவாயைக் கையில் ஏந்தி, ரிங்கில் பார்க்க முடியாமல் போன அளவுக்கு நிதானமாக, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "தாடி மட்டும்னா முதல் இடம்க்கா."